சைல்ட் ஆர்ட்டிஸ்ட் பேக்கேஜ்: காசுக்குத் தகுந்த சரக்கா?

வடபழனி, சாலிகிராமம், வளசரவாக்கம் என்று சினிமாக்காரர்கள் புழங்கும் தெருக்களில் ஏதாவது ஒரு மாடிப்படி ஏறினால், குழந்தையைத் திரையில் நடிக்கவைக்க வழிகாட்டும் ‘சைல்ட் ஆர்ட்டிஸ்ட் பேக்கேஜ்’ என்ற இந்தச் சேவை கிடைக்கும். இப்போது இன்ஸ்டாகிராமிலேயே தேடி வருகிறது. கடைக்குக் கடை பெயர்தான் வேறு, சரக்கு ஒன்றுதான்: ஒரு போட்டோ ஷூட், சில வாரங்கள் நடிப்புப் பயிற்சி, ஒரு அறிமுக வீடியோ, பிறகு ‘ஓராண்டுக்கு ஆடிஷன் வாய்ப்பு’. பால் மணம் மாறாத குழந்தை முதல் மீசை அரும்பும் பையன் வரை சேர்த்துக்கொள்வார்கள். படமோ சீரியலோ விளம்பரமோ அமைந்தால் சம்பளத்தில் கமிஷன் தனி.

எந்த ஒரு நிறுவனத்தையும் இங்கே எடைபோடவில்லை. பேக்கேஜ் என்ற பண்டத்தைத்தான் பிரித்துப் பார்க்கிறோம். தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். நல்ல கோஆர்டினேட்டர் (கம்பெனிக்கும் பெற்றோருக்கும் நடுவே நின்று வாய்ப்புப் பேசித் தரும் ஏஜென்ட்) வாய்த்தால் இந்தச் சேவை உங்கள் குழந்தையை வாசல்வரை கொண்டுபோய் விடும், அவ்வளவுதான். நோட்டீஸில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் போட்டோவும் பயிற்சியும் உங்களுக்கு அவ்வளவாகத் தேவைப்படாது. தேவைப்படுகிற ஒப்பந்தம், வங்கிக் கணக்கு, பள்ளிக்கூடம், பன்னிரண்டு வயதுக்குப் பிந்தைய காலம் பற்றி அந்த நோட்டீஸில் ஒரு வரிகூட இருக்காது.

போட்டோவில் தொடங்குவோம், பேக்கேஜின் விலையில் பெரும்பங்கு அதற்குத்தான் போகிறது. ஐந்தாறு உடை, மேக்கப், ஸ்டுடியோ விளக்கு, கடைசியில் கல்யாண ஆல்பம் மாதிரி ஒரு கனமான புத்தகம். அந்த ஆல்பத்தை எந்த உதவி இயக்குநரும் புரட்டப்போவதில்லை. அவருக்கு வேண்டியது வாட்ஸ்அப்பில் மூன்று படம்: நேராகப் பார்க்கும் முகம், பல் தெரியச் சிரிக்கும் முகம், தலை முதல் கால் வரை முழு உருவம். மூன்றிலும் மேக்கப், கூலிங் கிளாஸ், ஃபில்டர் எதுவும் கூடாது. ஜன்னலுக்கு எதிரே நிற்கவைத்துப் பகல் வெளிச்சத்தில் போனில் எடுத்தாலே போதும். பல் தெரிகிற படத்தைக் கேட்பதற்குக் காரணம் உண்டு. ஆறு, ஏழு வயதில் முன்பற்கள் விழும். பாதி ஷெட்யூல் முடிந்த நேரத்தில் பல் விழுந்தால் கண்டினியூட்டி, அதாவது ஷாட்டுக்கு ஷாட் எல்லாம் ஒன்றுபோல இருக்கும் தொடர்ச்சி, போச்சு. அதனால் எந்தப் பல் ஆடுகிறது என்று கேட்கிற கோஆர்டினேட்டர் தொழில் தெரிந்தவர் என்று நம்பலாம். எட்டு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு மூன்று மாதத்துக்கு ஒரு முறை இந்த மூன்று படத்தையும் புதுப்பிக்க வேண்டும். ஒரு வருடத்துக்கு முன் எடுத்த ஆல்பத்தில் இருப்பது வேறு குழந்தை. அதோடு படத்தின் கீழ் உயரம், பிறந்த தேதி, பேசத் தெரிந்த மொழிகள், நீச்சல், சைக்கிள், நடனம் போன்ற திறமைகள் இருந்தால் போதும். தெரியாததை எழுதக் கூடாது. ‘நீச்சல் தெரியும்’ என்று எழுதிவிட்டு, கிணற்றடியில் யூனிட் முழுக்கக் காத்திருக்கும்போது குழந்தை மிரண்டால், அந்தப் பெயர் அந்தக் கம்பெனியோடு நிற்காது.

பயிற்சி வகுப்பு விஷயம் இதைவிடச் சிக்கலானது. பெரும்பாலான இடங்களில் சொல்லித்தருவது ‘எக்ஸ்பிரஷன்’. கோபம் காட்டு, சிரி, அழு, ஆச்சரியப்படு. குழந்தையும் புருவத்தைத் தூக்கி, கண்ணை உருட்டி, உதட்டைப் பிதுக்கிக் காட்டும். கூடத்தில் உட்கார்ந்திருக்கும் பெற்றோருக்குப் பூரிப்பு. கேமரா முன் இதே குழந்தையை நிறுத்தினால் இயக்குநர் முதலில் செய்கிற வேலை, படித்ததையெல்லாம் மறக்கச் சொல்வதுதான். லென்ஸ் நெருங்கி வரும்போது புருவத்தின் சிறு அசைவே பெரிதாகத் தெரியும். ஆகவே எதிரில் இருப்பவர் பேசுவதை உண்மையாகக் கேட்கிற குழந்தைதான் தேறும். ‘இப்ப ஒரு சூப்பர் ஸ்டார் டயலாக் பேசிக் காட்டு’ என்று பயிற்சி தருகிற இடத்துக்குக் காசு கட்டுவது தண்டம். பெரியவர்களைப் போலப் பேசும் குழந்தை ரீல்ஸுக்கு லைக் வாங்கும், கதாபாத்திரம் வாங்காது.

அப்படியானால் எது உருப்படியான பயிற்சி? முதலில் தமிழ் வாசிப்பு. கேலியாகச் சொல்லவில்லை. ஆங்கில வழியில் படிக்கும் பிள்ளைகள் பலர் எழுத்துக்கூட்டித்தான் தமிழ் படிக்கிறார்கள். வசனத் தாளைத் தாங்களே படிக்க முடியாததால் யாராவது சொல்லச் சொல்லக் கிளிப்பிள்ளை போல ஒப்பிக்கிறார்கள், அந்த ஒப்பித்தல் ராகம் குரலில் ஒட்டிக்கொள்கிறது. தினம் பதினைந்து நிமிடம் சிறுவர் கதையை உரக்கப் படிக்கவைத்தால் ஆறு மாதத்தில் ல, ள, ழ தெளியும், மூச்சு எங்கே விட வேண்டும் என்பதும் பிடிபடும். அடுத்தது கண்டினியூட்டி. ‘தண்ணி வேணும்பா’ என்ற வசனத்தில் எந்தச் சொல்லில் டம்ளரை எடுத்தது, எந்தக் கையால் எடுத்தது என்பது ஐந்து டேக்கிலும் ஒன்றாக இருக்க வேண்டும். வைட் ஷாட்டில் வலது கை, க்ளோசப்பில் இடது கை என்றால் எடிட்டிங்கில் வெட்ட முடியாது. சாப்பாட்டு மேஜையில் இதை விளையாட்டாகப் பழக்கலாம். மூன்றாவது, தரையில் ஒட்டிய மார்க்கைக் குனிந்து பார்க்காமல் வந்து நிற்பது. நான்காவது, லென்ஸைப் பார்க்காமல் லென்ஸுக்குப் பக்கத்தில் இருப்பவரைப் பார்ப்பது. இந்த நான்கையும் சொல்லித்தருகிற வகுப்பு என்றால் பணம் கட்டலாம். ஒரு நாள் வகுப்பைப் பெற்றோர் உட்கார்ந்து பார்க்க அனுமதிக்காத இடத்தில் சேர்க்க வேண்டாம்.

அழுகையைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. கிளிசரினோ மென்தாலோ சின்னக் குழந்தையின் கண்ணருகே கொண்டுபோகக் கூடியது அல்ல. அதைவிட மோசம், ‘அம்மா உன்ன விட்டுட்டுப் போயிட்டாங்க’ என்று பொய் சொல்லி அழவைக்கும் பழைய வித்தை. ஷாட் கிடைத்துவிடும். மறுநாள் அந்தக் குழந்தை செட்டுக்குள் வராது. மூச்சை இழுத்து விடுவதாலும், தோளைக் குலுக்குவதாலும், முகத்தை மறைப்பதாலும் அழுகையைக் காட்டலாம், மிச்சத்தைக் கேமரா கோணமும் இசையும் பார்த்துக்கொள்ளும். வகுப்பில் அழவைப்பதை எப்படிச் சொல்லித்தருகிறார்கள் என்று கேளுங்கள். பதிலிலேயே அந்த இடத்தின் லட்சணம் தெரிந்துவிடும்.

ஆடிஷன் வாய்ப்பு என்ற கடைசி உருப்படியில்தான் கோஆர்டினேட்டரின் உண்மையான மதிப்பு இருக்கிறது. எந்தக் கம்பெனி என்ன வயதில் குழந்தை தேடுகிறது என்ற தகவல் அவரிடம் முதலில் வரும். அந்தத் தகவலுக்கும், பேச்சுவார்த்தைக்கும், பணம் வசூலித்துத் தருவதற்கும் கமிஷன் நியாயம். ஆனால் கமிஷன் என்றால் வந்த பணத்தில் எடுப்பது. ஆடிஷனுக்குக் கட்டணம், ‘ரோல் கன்ஃபர்ம் பண்ண டெபாசிட்’, காஸ்ட்யூமுக்கு முன்பணம் என்று எது கேட்டாலும் எழுந்து வந்துவிடலாம். நடிகரிடம் பணம் வாங்கி வாய்ப்புத் தரும் கம்பெனி படம் எடுக்கிற கம்பெனி அல்ல. ‘சங்க கார்டு வாங்கித் தருகிறோம்’ என்று சங்க உறுப்பினர் அட்டையைக் காட்டுவதும் அந்த ரகம்தான். ஒரு குழந்தையை நடிக்கவைக்க முன்கூட்டியே கார்டு வாங்கி வைத்திருக்க வேண்டிய அவசியம் இல்லை.

இப்போது முதல் சுற்று ஆடிஷன் பெரும்பாலும் செல்ஃப் டேப்தான், அதாவது நாமே நடித்து வீடியோ எடுத்து அனுப்புவது. அதற்குத் தனிக் கட்டணம் கேட்கும் கடைகள் உண்டு, வீட்டிலேயே எடுத்துவிடலாம். போனைப் படுக்கைவாட்டில், குழந்தையின் கண் உயரத்தில் வையுங்கள். தாங்கி எதுவும் இல்லாவிட்டால் புத்தகங்களை அடுக்கி அதன்மேல் வைக்கலாம். பின்னால் வெறும் சுவர், முன்னால் ஜன்னல் வெளிச்சம், மார்பு வரை ஃபிரேம். எதிர் வசனம் சொல்பவர் போனுக்கு ஒட்டிய பக்கத்தில் உட்கார்ந்து மெதுவான குரலில் சொல்ல வேண்டும். அப்பா கர்ஜித்தால் போன் மைக்கில் அப்பாதான் நடிப்பார். முதலில் பெயர், வயது, உயரம், இரண்டு பக்க முகம், பிறகு காட்சி. மொத்தம் இரண்டு நிமிடம் தாண்டக் கூடாது. ஃபேன் ஓடக் கூடாது, பின்னணி இசை போடக் கூடாது. ஒரே வசனத்தை இரண்டு விதமாகச் செய்து அனுப்பினால் இயக்குநருக்கு ஒரு விஷயம் விளங்கும்: சொன்னால் இந்தப் பிள்ளை மாற்றிச் செய்யும். முகவெட்டைவிட அதற்குத்தான் மதிப்பு.

இனி நோட்டீஸில் இல்லாத பகுதி.

குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் 1986இல் வந்தது. 2016இல் திருத்தப்பட்டபோது 14 வயதுக்கு உட்பட்டவர்களை வேலைக்கு வைப்பது தடை செய்யப்பட்டு, சினிமா, சீரியல், விளம்பரம் போன்றவற்றுக்கு மட்டும் நிபந்தனையோடு விலக்கு கிடைத்தது. அந்த நிபந்தனைகள் 2017இல் வெளியான விதிகளில் இருக்கின்றன. ஒரு நாளைக்கு 5 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, ஓய்வில்லாமல் தொடர்ந்து 3 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. தொடர்ச்சியாக 27 நாளுக்கு மேல் கூடாது, பாடம் தடைப்படாமல் படிக்க ஏற்பாடு செய்ய வேண்டும். 5 குழந்தைகளுக்கு ஒருவர் என்ற கணக்கில் பொறுப்பாளர் இருக்க வேண்டும். படப்பிடிப்பு நடக்கும் மாவட்டத்தின் ஆட்சியரிடம் தயாரிப்பாளர் அனுமதி வாங்கி, ‘சி’ படிவத்தில் உறுதிமொழி தர வேண்டும். குழந்தைகளின் பட்டியல், பெற்றோர் சம்மதம், பாதுகாப்புக்குப் பொறுப்பானவரின் பெயர் எல்லாம் அதோடு போக வேண்டும். உறுதிமொழி 6 மாதத்துக்குச் செல்லும். குழந்தைக்கு விருப்பம் இல்லாமல் நடிக்கவைக்கவே கூடாது என்பதும் அதே விதியில் உள்ளதுதான்.

காகிதத்தில் இவ்வளவு இருக்கிறது. எங்கே நழுவுகிறது? முதல் இடம் கால்ஷீட், அதாவது நடிகர் படப்பிடிப்புக்கு ஒதுக்கும் நேரம். பெரியவர்களின் கால்ஷீட்டுக்குத் தகுந்தபடிதான் நாள் திட்டமிடப்படுகிறது. காலை 6 மணிக்குக் குழந்தையை வரச் சொல்லி, மேக்கப் போட்டு உட்காரவைத்து, கதாநாயகனின் காட்சி முடிந்த பிறகு மதியம் மூன்று மணிக்கு முதல் ஷாட் வைப்பார்கள். ‘கேமரா முன்னாடி ரெண்டு மணி நேரம்தானே நின்னான்’ என்று கணக்குச் சொல்வார்கள். ஆகவே ‘வந்து சேர்ந்த நேரம் முதல் 5 மணி நேரம்’ என்ற வாசகத்தை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குவது கோஆர்டினேட்டரின் வேலை. ஒன்றரை கால்ஷீட் என்று இரவு வரை இழுக்கும் பேச்சே குழந்தை விஷயத்தில் எழக் கூடாது. இரண்டாவது, இடமாற்றம். சென்னையில் வாங்கிய அனுமதியோடு பொள்ளாச்சிக்குப் போனால் கோவை ஆட்சியரின் அனுமதி வேறாக வேண்டும். அவசரமாக லொகேஷன் மாற்றும்போது முதலில் மறந்துபோவது இதுதான். அனுமதிக் கடிதத்தின் நகலைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ‘அதெல்லாம் புரொடக்‌ஷன் மேனேஜர் பார்த்துப்பார்’ என்ற பதிலை ஏற்கக் கூடாது.

மூன்றாவதும் முக்கியமானதும் பணம். குழந்தை ஈட்டும் வருமானத்தில் குறைந்தது 20 சதவீதத்தை, தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் குழந்தையின் பெயரில் வைப்புத்தொகையாக நேரடியாகச் செலுத்த வேண்டும் என்கிறது விதி. வயது வந்த பிறகு பணம் அந்தப் பிள்ளைக்கு. இதேபோன்ற ஏற்பாடு அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் 1939இலேயே வந்துவிட்டது. ஊமைப்பட காலத்தில் உலகமே கொண்டாடிய ஜாக்கி கூகன், பெரியவரானதும் தான் சம்பாதித்ததில் பெரும்பகுதி செலவாகிப் போனதைக் கண்டு தாய்மீதும் மாற்றாந்தந்தைமீதும் வழக்குப் போட்டார். அதன் விளைவாக அவர் பெயரிலேயே வழங்கும் சட்டம் அது. அங்கே 15 சதவீதம், இங்கே 20. நம் விதி தாராளம்தான். நடைமுறையில்தான் ஓட்டை.

ஓட்டை விழுவது பெரும்பாலும் முதல் நாளிலேயே. சம்பளம் கோஆர்டினேட்டர் கணக்குக்குப் போய், அவர் கமிஷன் கழித்து, அம்மாவின் ஜிபேக்கு அனுப்புவார். வருமான வரித்துறைப் பதிவில் அந்தப் பணம் குழந்தை சம்பாதித்தது என்பதற்குத் தடயமே இருக்காது, 20 சதவீதம் எதில் கணக்குப் போடுவது என்பதும் தெரியாது. செய்ய வேண்டியது இது: நடிக்கத் தொடங்கும் முன்பே குழந்தையின் பெயரில் பான் எண் எடுங்கள் (மைனருக்கும் கிடைக்கும், காப்பாளர் விண்ணப்பிக்கலாம்). குழந்தையின் பெயரில் சேமிப்புக் கணக்கு, அதே கிளையில் வைப்புத்தொகைக் கணக்கு. ஒப்பந்தத்தில் இந்த இரண்டு கணக்கு எண்களையும் பான் எண்ணையும் எழுதி, தயாரிப்பு நிறுவனம் நேராக அதில் செலுத்தச் சொல்லுங்கள், கமிஷனை நீங்கள் தனியாகக் கொடுங்கள். உதாரணத்துக்கு, ஒரு நாள் சம்பளம் 10,000 ரூபாய், 12 நாள் வேலை என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 1,20,000. வைப்புத்தொகைக்கு 24,000. இந்த 20 சதவீதத்தைக் கமிஷன் கழித்த தொகையில் கணக்கிடக் கூடாது, முழுச் சம்பளத்தில் கணக்கிட வேண்டும். கமிஷன் உங்கள் செலவு, குழந்தையின் வருமானம் குறைந்ததாக அர்த்தமில்லை.

வரியிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பொதுவாக மைனரின் வருமானம் பெற்றோர் வருமானத்தோடு சேர்த்துக் கணக்கிடப்படும். ஆனால் தன் திறமையால் மைனர் ஈட்டிய வருமானம் அப்படிச் சேராது, குழந்தையின் சொந்தக் கணக்கிலேயே வரும். அந்த வருமானம் வரி வரம்புக்குக் கீழே இருந்தால், சம்பளத்தில் முன்கூட்டியே பிடித்தம் செய்த வரியான டிடிஎஸ்ஸைக் குழந்தையின் பெயரில் ரிட்டர்ன் போட்டுத் திரும்பப் பெறலாம். பான் எண் கொடுக்காவிட்டால் பிடித்தம் அதிகமாகும். வைப்புத்தொகையின் வட்டி மட்டும் அப்பா, அம்மா இருவரில் வருமானம் அதிகமுள்ளவரின் கணக்கில் சேரும். இதைத் தெரிந்த ஆடிட்டர் ஒருவரிடம் வருடத்துக்கு ஒரு முறை போனால் போதும். எந்தப் பேக்கேஜிலும் இது இல்லை.

ஒப்பந்தத்தைப் பற்றி இன்னும் இரண்டு விஷயம். மைனர் போடும் ஒப்பந்தம் நம் சட்டப்படி செல்லாது, கையெழுத்து பெற்றோருடையது. அதனால் ‘கோஆர்டினேட்டர் எல்லாம் பேசிட்டார், நீங்க சும்மா கையெழுத்துப் போடுங்க’ என்றால், பொறுப்பு முழுக்க உங்கள் தலையில் என்று பொருள். விளம்பரப் படமாக இருந்தால் எந்த ஊடகம், எத்தனை மாதம் என்ற வரியைத் தேடுங்கள். டிவிக்கு என்று பேசி, பிறகு ஹோர்டிங்கிலும் பாக்கெட்டின் மேலும் அதே முகம் வரும். ‘நிரந்தரமாக’ என்று ஒரு சொல் நடுவில் ஒளிந்திருக்கும். அதோடு, அதே வகைப் பொருளின் வேறு விளம்பரத்தில் நடிக்கக் கூடாது என்ற தடையும் சேர்ந்தால், ஒரு சத்துமாவு விளம்பரத்துக்காகப் பிள்ளையின் இரண்டு வருடத்தை அடகு வைத்ததாகிவிடும். தடைக்குக் கால எல்லையும், காலம் நீட்டித்தால் மறுபடி சம்பளமும் கேட்பது வழக்கம்தான், வெட்கப்பட வேண்டாம்.

படத்துக்கு, டப்பிங் தொடங்கும் முன் பாக்கியை வாங்கிவிட வேண்டும் என்பது பெரிய நடிகர்கள் கடைப்பிடிக்கும் வழி. குழந்தைகளுக்கு அந்தப் பிடி கிடையாது. பெரும்பாலும் வேறு யாராவது, அதுவும் வளர்ந்த பெண்மணி ஒருவர், குழந்தைக்குக் குரல் கொடுத்துவிடுவார். எனவே கடைசி நாள் படப்பிடிப்புக்கு முன் முழுப் பணம் என்று எழுதிக்கொள்ளுங்கள். வாய்ப்பு இருந்தால் ‘குழந்தையே டப்பிங் பேசும்’ என்பதையும் கேட்டுப் பாருங்கள். மைக் முன் நிற்கப் பழகிய பிள்ளைக்குப் பின்னால் அது தனித் தொழிலாகவே உதவும்.

சீரியலா சினிமாவா என்று கேட்பவர்களுக்கு: சீரியலில் வருமானம் சீராக வரும், மாதாமாதம் நாள் கணக்கு. கெடுதல் இரண்டு. ஒன்று பிராம்ப்டிங். உதவி இயக்குநர் பக்கத்திலிருந்து வசனத்தைச் சொல்லச் சொல்ல, நடிப்பவர் பின்தொடர்ந்து பேசுவார். வருடக்கணக்கில் இப்படியே பழகிய குழந்தைக்கு ஒவ்வொரு வசனத்துக்கும் முன் அரை நொடி காத்திருக்கும் பழக்கமும், சத்தம் வரும் திசைக்குக் கண் ஓடும் பழக்கமும் வந்துவிடும். சினிமா ஆடிஷனில் அது உடனே தெரியும். வீட்டிலாவது முழு வசனத்தையும் மனப்பாடம் செய்து அனுப்புங்கள். இன்னொன்று, கதை திடீரென்று சில ஆண்டுகள் தாவும். திங்கட்கிழமை வரை வீட்டின் செல்லப் பிள்ளை, செவ்வாய்க்கிழமை அந்த இடத்தில் கல்லூரிப் பெண். முன்னறிவிப்புக்கு இத்தனை நாள் என்று ஒப்பந்தத்தில் இருக்காது. குழந்தைக்கு யார் அதைச் சொல்வது என்பதையும் யாரும் யோசித்திருக்க மாட்டார்கள்.

கடைசியாக, பேக்கேஜ் கை கழுவும் வயது.

சிறுவர்களே நடித்த அந்தக் காலத்து பாய்ஸ் கம்பெனி நாடகங்களில் இதற்கு ஒரு சொல் உண்டு: மகரக்கட்டு. பன்னிரண்டு, பதின்மூன்றில் பையனின் குரல் உடையும். அதுவரை மேடையில் கொடிகட்டிப் பறந்தவன் அடுத்த மாதம் திரை இழுக்கப் போவான், அல்லது ஊருக்குத் திரும்புவான். சினிமா வந்த பிறகும் மகரக்கட்டு போகவில்லை, குரலோடு உயரமும் முகமும் சேர்ந்துகொண்டன. பதின்மூன்று முதல் பதினேழு வரை உள்ள பிள்ளைக்கு வேலை மிகக் குறைவு. பள்ளி மாணவன் வேடத்துக்கே இருபது வயதுக்காரரைப் போடுவார்கள். அவருக்கு நேரக் கட்டுப்பாடு இல்லை, தேர்வு இல்லை. பிள்ளையிடம் குறை எதுவும் இல்லை. ஆனால் வீட்டில் யாரும் அதைச் சொல்லாததால், தன் முகம் கெட்டுவிட்டது என்று அது நினைத்துக்கொள்ளும். கோஆர்டினேட்டரின் போன் நின்றுபோகும். சில கடைகள் இந்த இடத்தில் ‘டீன் பேக்கேஜ்’ என்று மறுபடி போட்டோ ஷூட் விற்கும். தயவுசெய்து வாங்காதீர்கள்.

இடைவெளியே இல்லாமல் தாண்டியவர்கள் இருக்கிறார்களே என்று கேட்கலாம். அது எப்படி நடந்தது என்று கொஞ்சம் கூர்ந்து பார்க்க வேண்டும். ஸ்ரீதேவி பிறந்தது 1963, ‘மூன்று முடிச்சு’ வெளியானது 1976. பதின்மூன்று வயதில் கதாநாயகி. மீனா 1982இல் குழந்தையாக அறிமுகமாகி, 1991க்குள் கிராமத்துப் பெண்ணாக, மனைவியாக நடித்துக்கொண்டிருந்தார். அவர்களின் திறமையைப் பற்றிக் கேள்வியே இல்லை. ஆனால் அந்த வழி, சிறுமிகளைச் சீக்கிரமே பெரியவர்களாக்கிக் காட்டிய வழி. இன்று அதைக் காட்டி ‘உங்க பொண்ணும் இப்படி வரலாம்’ என்று யாராவது சொன்னால் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள்.

மறுபக்கம் ஷாலினி. குழந்தையாக எண்பதுகளில் மலையாளத்திலும் தமிழிலும் கலக்கிவிட்டு, நடுவில் ஒதுங்கி, 1997இல் நாயகியாகத் திரும்பி, சில ஆண்டுகளில் தானே முடித்துக்கொண்டார். மாஸ்டர் மகேந்திரன் 1994இல் ‘நாட்டாமை’யில் மழலையாக வந்தவர். வளர்ந்த பிறகு நாயகனாக நடித்தபோது கிடைக்காத கவனம், 2021இல் ‘மாஸ்டர்’ படத்தில் இளவயது வில்லனாகச் சில நிமிடங்கள் வந்தபோது கிடைத்தது. குட்டி பத்மினி கேமராவுக்கு முன்னிருந்து பின்னுக்குப் போய்ச் சின்னத்திரைத் தயாரிப்பாளரானார். எல்லோரும் எடுத்துக்காட்டும் கமல்ஹாசனின் கணக்கையே பாருங்கள். 1960இல் ‘களத்தூர் கண்ணம்மா’, குடியரசுத் தலைவரின் தங்கப் பதக்கம். 1963இல் ‘ஆனந்த ஜோதி’. அதற்குப் பிறகு ஏழு ஆண்டுகள் தமிழ்த் திரையில் அவருக்கு இடமில்லை. அந்தக் காலத்தில் டி.கே.எஸ். சகோதரர்களின் நாடகக் குழுவில் இருந்தார், நடனம் கற்றார், நடன இயக்குநர் தங்கப்பன் மாஸ்டரிடம் உதவியாளராக வேலை பார்த்தார். 1970இல் திரும்பி வந்தது ஒரு பாட்டில் ஆடுவதற்கு. பெயர் சொல்லும் வேடம் 1973இல் ‘அரங்கேற்றம்’. 2017இல் சின்னத்திரையில் நிகழ்ச்சி நடத்துபவராக வீடுகளுக்குள் வந்தபோதும், பேச்சையும் மேடையையும் அவர் எங்கே கற்றார் என்பது பழைய நாடக ரசிகர்களுக்குத் தெரியும்.

இந்தப் பட்டியலில் யாரையும் ஏஜென்ட் ஒருவரின் போன் காப்பாற்றவில்லை. நடிப்பைத் தவிர கையில் இன்னொரு வேலை இருந்தவர்கள் காத்திருக்க முடிந்தது, அல்லது வேண்டாம் என்று போக முடிந்தது. ஆகவே பேக்கேஜுக்கு ஒதுக்கிய பணம் கையில் இருந்தால், அதில் கால் பங்கைக்கூட போட்டோவுக்குச் செலவிட வேண்டாம். முறையான நடனம், இசை, சிலம்பம், எடிட்டிங், டப்பிங் என்று பிள்ளைக்குப் பிடித்த ஒன்றுக்கு ஐந்து வருடம் கட்டணம் கட்டலாம். கோஆர்டினேட்டரை கமிஷன் அடிப்படையில் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஒருவரோடு மட்டும்தான் என்ற நிபந்தனையில் ஓராண்டுக்கு மேல் கையெழுத்திட வேண்டாம். பள்ளி வருகைப் பதிவேட்டின் நகலை மாதாமாதம் பாருங்கள். சிபிஎஸ்இ பிள்ளைகளுக்குப் பொதுத்தேர்வு எழுத 75 சதவீத வருகை வேண்டும், படப்பிடிப்பு என்ற காரணம் அங்கே எடுபடும் என்று நம்பி இருந்துவிடக் கூடாது.

மதிப்பெண் கேட்பவர்களுக்கு: போட்டோ ஷூட் 1/5, பயிற்சி இடத்தைப் பொறுத்து 1 முதல் 3 வரை, ஆடிஷன் தகவல் 4/5, பணமும் சட்டமும் பூஜ்யம், ஏனென்றால் அந்தச் சேவையே தரப்படவில்லை.

வீட்டில் ஒரு கோப்பு போடுங்கள். ஒவ்வொரு வேலைக்கும் ஒப்பந்த நகல், ஆட்சியர் அனுமதி நகல், சம்பளம் வந்த வங்கிப் பதிவு, டிடிஎஸ் சான்று, வைப்புத்தொகை ரசீது, படப்பிடிப்பு நாட்களும் நேரமும் எழுதிய ஒரு தாள். பதினெட்டு முடிந்த வாரம் பிள்ளையை வங்கிக்குக் கூட்டிப்போய் மைனர் கணக்கைத் தன் கையெழுத்துக்கு மாற்றச் சொல்லுங்கள், பான் அட்டையில் புகைப்படமும் கையெழுத்தும் சேர்க்க விண்ணப்பம் போடுங்கள். பிறகு கோப்பை அதன் கையில் கொடுத்துவிடுங்கள்.